கார் வருமுன் எர்த் போடுங்கள்

மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டிவிட்டு டெலிவரி தேதிக்காகக் காத்திருக்கும் அன்பர்களுக்கு,

திருச்சியில் இருபத்தெட்டு வருடமாக வீட்டு வயரிங் வேலை எடுத்துச் செய்கிறவன் நான். நாலைந்து வருடமாகக் கார் சார்ஜர் மாட்டுவதும் என் வேலையில் சேர்ந்துகொண்டது. ஷோரூமில் பணம் கட்டிய கையோடு எனக்குப் போன் செய்கிறவர்கள், "எந்தக் கம்பெனி பெட்டி நல்லது அண்ணே?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டு எர்த் குழியைப் பற்றியும், மீட்டரிலிருந்து போர்ட்டிகோவரை வரும் வயரைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக முக்கால் மணி நேரம் பேசுவதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு சித்திரை மாத விடிகாலை. ஐந்தரை மணிக்கு, பழகிய வீட்டிலிருந்து போன். போர்ட்டிகோவில் ஏதோ கருகுகிற வாடை வருகிறது, மெயினை அணைத்துவிட்டோம், உடனே வாருங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். கார் வாங்கிப் பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. காரோடு கொடுத்த மூன்று பின் சார்ஜரை, சுவரில் ஏற்கெனவே இருந்த 15 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருக்கிறார்கள். சாக்கெட்டின் வெள்ளை முகம் டீத்தண்ணீர் நிறத்துக்கு மாறியிருந்தது. ஃபேஸ் துளையைச் சுற்றிப் பிளாஸ்டிக் கொப்பளித்திருந்தது. பிளக்கின் அந்த ஒரு பின் மட்டும் நீலம் பாய்ந்து கறுத்துக் கிடந்தது. சாக்கெட்டைக் கழற்றிப் பின்னாலிருந்த வயரை லேசாக வளைத்தேன். மேலுறை முறுக்கு மாதிரி நொறுங்கி உதிர்ந்தது.

அந்த லைனை இழுத்தவன் நான்தான். கார் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன், எப்போதாவது வண்டி கழுவும் பம்பு போடுவோம் என்றார்கள். 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரில், ஹாலில் இருக்கும் வேறொரு பாயின்டிலிருந்து கிளை பிரித்துக் கொடுத்தேன். பம்புக்கு அது போதும். பன்னிரண்டு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. கார் வந்தபோது, "15 ஆம்ப்ஸ் சாக்கெட் இருந்தால் போதும் சார்" என்று விற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யில்லை. பாதிதான் சொன்னார்கள். அன்றைக்கு அந்த வீட்டுப் பாட்டி விடியுமுன்பே விழித்திருந்ததால் வாடை தெரிந்தது.

வீட்டில் இருக்கும் பெரிய சாமான்களை யோசித்துப் பாருங்கள். கீசர் கால் மணி நேரம் ஓடி, தண்ணீர் சூடானதும் தானே நிற்கும். தண்ணி மோட்டார் தொட்டி நிறைந்ததும் நிற்கும். ஏ.சி. அறை குளிர்ந்ததும் கம்ப்ரஸரை நிறுத்தி நிறுத்தி எடுக்கும். அயர்ன் பாக்ஸும் அப்படியே. இடையில் கிடைக்கும் அந்த ஓய்வில்தான் வயரும் சாக்கெட்டும் ஆறிக்கொள்கின்றன. கார் அப்படி இல்லை. சின்ன சார்ஜர் 14 ஆம்பியருக்கு மேலும், பெரிய சார்ஜர் 32 ஆம்பியரும், ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம், மூச்சு விடாமல் இழுக்கும். அதுவும் வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில். இன்னொன்று: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் பிறக்கும் சூடு இரண்டு மடங்காகாது, நாலு மடங்காகும். தளர்ந்த ஒரு திருகு பம்புக்கு ஒன்றும் செய்யாது. காருக்கு அதே திருகு கொள்ளிக்கட்டை.

இனி பெட்டிக்கு வருகிறேன். சுவரில் மாட்டும் அந்தப் பெட்டியைச் சார்ஜர் என்று எல்லோரும் சொல்கிறோம், நானும் சொல்வேன். உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டு ஏ.சி. கரன்ட்டை டி.சி.யாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புவது காரின் ஆன்போர்டு சார்ஜர். சுவரில் இருப்பது வாசல் காவலாளி. கேபிளின் நுனியில், காரில் செருகும் கன்னை எடுத்துக் கண்ணெதிரே பிடித்துப் பாருங்கள். டைப் 2 கன்னில் ஏழு துளை இருக்கும். மூன்று ஃபேஸ், ஒரு நியூட்ரல், நடுவில் எர்த், மேலே சின்னதாக இரண்டு. காரில் செருகும்போது மற்றவை தொடுவதற்கு முன் எர்த் தொடும். உருவும்போது அதுதான் கடைசியில் விடும். சின்னத் துளைகளில் ஒன்று வழியாகப் பெட்டியும் காரும் பேசிக்கொள்ளும். 'இந்த லைனில் இத்தனை ஆம்பியர்தான் எடுக்கலாம்' என்று பெட்டி சொல்லும், 'தயார்' என்று கார் பதில் சொல்லும். அதற்குப் பிறகுதான் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கான்டாக்டர் என்னும் உள் சுவிட்ச் சேரும் சத்தம் அது. அது சேரும்வரை கன்னின் பெரிய துளைகளில் கரன்ட் கிடையாது. மழையில் நனைந்த கையோடு தொட்டுவிட்டோமே என்று பயப்படுகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்வேன். இந்த ஏற்பாடு நன்றாக யோசித்துச் செய்யப்பட்டது. ஆனால் இது முழுக்க எர்த்தை நம்பி நிற்கிறது.

எத்தனை கிலோவாட் பெட்டி வாங்குவது? முதலில் உங்கள் காரின் ஆன்போர்டு சார்ஜர் எவ்வளவு என்று பாருங்கள். 2022இல் வந்த நெக்ஸான் மேக்ஸிலேயே 3.3 என்றும் 7.2 என்றும் இரண்டு விதம் இருந்தது. 3.3 கிலோவாட் வாங்கும் காருக்கு 7.2 கிலோவாட் பெட்டி மாட்டினாலும் கார் 3.3தான் எடுக்கும். 11 கிலோவாட் பெட்டி என்பது மும்முனை மின்சாரத்துக்கு, ஒரு ஃபேஸுக்கு 16 ஆம்பியர் வீதம். ஒருமுனை இணைப்பு இருக்கும் வீட்டில் அந்தப் பெட்டி 11 தராது. எண் பெரியதாக இருக்கிறதே என்று பணம் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்து, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். தில்லை நகரிலிருந்து துவாக்குடி போய் வந்தால் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர். சுமாரான அளவுள்ள கார் ஒரு யூனிட்டுக்கு ஆறு, ஏழு கிலோமீட்டர் ஓடும். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் தினமும் எட்டு, ஒன்பது யூனிட் ஏற்றினால் போதும். காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் இதை மூன்று மணி நேரத்தில் முடித்துவிடும். இரவு பத்து மணிக்குப் போட்டு ஒரு மணிக்கு முடிந்துவிடுகிற வேலைக்குத் தனியாக ஒரு பெரிய பெட்டி எதற்கு? என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேருக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: பெட்டி வேண்டாம், நல்ல லைன் ஒன்று போதும். தினமும் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுகிறவர்கள், வாடகைக்கு ஓட்டுகிறவர்கள், வீட்டில் இரண்டு மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள், 60 யூனிட், 79 யூனிட் என்று பெரிய பேட்டரி வாங்குகிறவர்கள் 7.2 போடட்டும். அவர்களுக்கு அது தேவை.

பெட்டி வாங்குவதென்று முடிவானால் நான் பார்க்கும் விஷயங்கள் அதிகமில்லை. ஆம்பியரைக் குறைத்து வைக்க வசதி இருக்க வேண்டும்: 32, 24, 16, 10 என்று. நம்மூர் வோல்டேஜுக்கும் வீட்டு லோடுக்கும் இது பெரிய உதவி. டி.சி. கசிவு 6 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் நிறுத்தும் ஏற்பாடு உள்ளே இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வெளியில் மாட்டுவதென்றால் தூசியும் மழையும் தாங்கும் அளவு ஐபி 54க்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஐபி 65 என்றால் நிம்மதி. கேபிள் ஐந்து மீட்டராவது வேண்டும். இந்தியத் தரமான ஐ.எஸ். 17017படி சோதித்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். பழுதானால் வந்து பார்க்க உங்கள் ஊரில் ஆள் உண்டா என்று விசாரியுங்கள். செல்போன் ஆப், வைஃபை, கார்டு காட்டினால்தான் திறக்கும் வசதி இதெல்லாம் இருந்தால் நல்லது. தெருவோரம் கேட் இல்லாமல் நிறுத்துகிறவர்களுக்குக் கார்டு வசதி அவசியம். மற்றவர்கள் அதற்காகக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதில்லை.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் வீடு கட்டும்போது வாசல் பக்கம் ஒரு குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடி, மேலே ஒரு சிமென்ட் மூடி போட்டிருப்பார்கள். அதோடு சரி. அதன் பிறகு அந்த மூடிமேல் டைல்ஸ் வந்திருக்கும், துளசி மாடம் வந்திருக்கும், இன்டர்லாக் கல் பதித்திருப்பார்கள். குழி எங்கே என்றே பாதி வீட்டில் தெரியாது. போன மாதம் ஒரு வீட்டில் தேடித் தோண்டினேன். பைப்பின் தலையில் கிளாம்ப் இருந்தது. கிளாம்பிலிருந்து போக வேண்டிய வயர் துருவாகிப் பொடியாகிக் கிடந்தது. வீடு முழுக்க எர்த் வயர் ஓடுகிறது, எல்லா சாக்கெட்டிலும் மூன்றாவது துளை இருக்கிறது, மண்ணோடு மட்டும் எந்தத் தொடர்பும் இல்லை. பதினைந்து வருடமாக அந்தக் குடும்பம் ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் அப்படித்தான் ஓட்டியிருக்கிறது. கார்தான் முதலில் கண்டுபிடித்தது. 'எர்த் ஃபால்ட்' என்று சிவப்பு விளக்கு எரிய, சார்ஜ் ஏற மறுத்தது. கார் ரிப்பேர் என்று நினைத்து ஷோரூமுக்கு இரண்டு முறை போய் வந்திருக்கிறார்கள்.

எர்த்தைச் சோதிக்கப் பழைய வழி ஒன்று உண்டு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 100 வாட்ஸ் குண்டு பல்பைப் போட்டுப் பார்ப்போம். ஃபேஸ் நியூட்ரலில் எரிகிற அதே வெளிச்சத்தில் எரிந்தால் எர்த் நல்லது, மங்கினால் குழி காய்ந்திருக்கிறது. கரன்ட் கசிந்தால் லைனை வெட்டும் ஆர்.சி.சி.பி. இருக்கும் வீட்டில் இப்படிச் செய்தால் உடனே டிரிப் ஆகும். அதுவும் ஒரு சோதனைதான். வேலை தெரிந்தவர் மட்டும் செய்ய வேண்டியது இது. மல்டிமீட்டரில் பார்ப்பதென்றால், கீசரையோ ஏ.சி.யையோ ஓடவிட்டுக்கொண்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். லோடு இல்லாமல் பார்த்தால் எல்லா வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். இரண்டு, மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நான் திருப்தியாகிவிடுவேன். பத்தைத் தாண்டினால் குழியைத் திறப்பேன். எர்த் ரெசிஸ்டன்ஸ் பார்க்கும் மீட்டர் வைத்திருக்கும் ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது. அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மெயின் போர்டுக்குள் ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

காருக்கென்று தனி எர்த் குழி போடுங்கள் என்றுதான் நான் சொல்வேன், பழையது நன்றாக இருந்தாலும். போட்டதைப் பழைய எர்த்தோடு இணைத்துவிட வேண்டும். ஆற்றோர மண்ணில் ஈரம் எப்போதும் இருக்கும், ஒரு பைப்பே போதும். பாறை தட்டுகிற இடத்தில் இரண்டு குழி போட்டு இரண்டையும் சேர்க்க வேண்டிவரும். இரண்டுக்கும் நடுவில் பைப்பின் நீளம் அளவுக்காவது இடைவெளி விட வேண்டும். பங்குனி, சித்திரையில் மாதம் இரண்டு முறை குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்காகவே மேலே ஒரு புனல் மாதிரி வாய் வைத்திருக்கிறோம்.

இப்போது என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம். எர்த் சரியில்லாமல் கார் சார்ஜ் ஏறாதபோது, குழியைச் சரிசெய்யாமல், சாக்கெட்டிலோ பிளக்கிலோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். 'எர்த் பிளக்' என்று ரெடிமேடாகவே அப்படி ஒன்று விற்கிறது. செருகியதும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும், கார் சார்ஜ் ஏறும். எல்லோருக்கும் சந்தோஷம். நடந்தது என்ன? காவலாளியின் கண்ணைக் கட்டியிருக்கிறோம். எங்கேயோ கம்பத்தில் நியூட்ரல் அறுந்தால், அல்லது அந்த சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தால், காரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். செருப்பில்லாமல் ஈரத் தரையில் நின்று கதவைத் திறக்கப்போகிற குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் நம்மூரில் நியூட்ரல் அறுவது நடக்காத கதையா? உங்கள் வீட்டில் யாராவது அப்படி ஒரு பிளக்கைச் செருகியிருந்தால், இந்த மடலைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் பிடுங்கி எறியுங்கள். என் தொழிலில் இருக்கும் தம்பிகளுக்கும் இதையே சொல்கிறேன். இருநூறு ரூபாய்க்கு அந்த வேலையைச் செய்து கொடுக்காதீர்கள்.

எர்த் நன்றாக இருந்தாலே போதுமா என்றால், போதாது. ஒரு கணக்கு சொல்கிறேன். உங்கள் எர்த் ரெசிஸ்டன்ஸ் 10 ஓம் என்று வையுங்கள். ஃபேஸ் வயர் காரின் உடம்பைத் தொட்டால் 230ஐப் பத்தால் வகுத்து 23 ஆம்பியர்தான் மண்ணுக்குள் ஓடும். லைனில் போட்டிருக்கும், லோடு மிஞ்சினால் விழும் 40 ஆம்பியர் எம்.சி.பி. அதை ஒரு லோடு என்றே நினைத்துக்கொண்டு விழாமல் நிற்கும். ஆர்.சி.சி.பி. அப்படியில்லை, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் விழும். அதனால் எம்.சி.பி. இருக்கிறதே, ஆர்.சி.சி.பி. எதற்கு என்று கேட்காதீர்கள். முன்னது வயரைக் காப்பாற்றுகிறது, பின்னது உங்களைக் காப்பாற்றுகிறது. காருக்கென்று தனியாக ஒன்று போடுங்கள், வீட்டு ஆர்.சி.சி.பி.யோடு சேர்த்தால் கார் டிரிப் ஆகும்போது ஃப்ரிட்ஜும் நின்றுவிடும்.

அதிலும் எதை வாங்குவது என்று பார்க்க வேண்டும். காருக்குள் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் வேலை நடப்பதால், பழுது வந்தால் டி.சி.யாகவும் கசியலாம். பழைய ஏ.சி. வகை ஆர்.சி.சி.பி.க்கு டி.சி. கசிவு தெரியாது. தெரியாதது மட்டுமில்லை, அந்தக் கசிவால் மரத்துப்போய், ஏ.சி. கசிந்தாலும் விழாமல் இருந்துவிடலாம். முகப்பில் ஒரு சின்னச் சதுரம் அச்சிட்டிருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். உள்ளே அலைக்கோடு ஒன்று மட்டும் இருந்தால் அது ஏ.சி. வகை, காருக்கு வேண்டாம். அலைக்கோட்டுக்குக் கீழே சின்னச் சின்ன மேடுகள் வரிசையாக இருந்தால் அது ஏ வகை. பெட்டிக்குள் நான் முன்னால் சொன்ன 6 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு இருந்தால் வெளியில் ஏ வகை போதும். இல்லாவிட்டால் பி வகை வேண்டும், அது விலை அதிகம். ஆகவே அந்தப் பாதுகாப்பு உள்ள பெட்டியை வாங்குவதுதான் லாபம்.

வயரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மெயின் போர்டிலிருந்து காருக்குத் தனி லைன், நடுவில் எந்தக் கிளையும் கூடாது. 15 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 4 ஸ்கொயர் எம்.எம். செம்பு. 7.2 கிலோவாட் பெட்டிக்கு 6. முப்பது மீட்டருக்கு மேல் போனாலோ, வெயில் அடிக்கிற மாடிச் சுவரில் பைப்புக்குள் போனாலோ 10. சாக்கெட் நல்ல தரமாக, பின்னைக் கெட்டியாகப் பிடிப்பதாக இருக்க வேண்டும். நீல நிறத்தில் உருண்டையாக வரும் இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட முடிந்தால் இன்னும் நல்லது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காரணத்துக்கும் கூடாது. 2019இல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த பாதுகாப்பு விதிகளிலேயே அதற்குத் தடை வந்துவிட்டது. வீட்டு இன்வெர்ட்டர் லைனிலும் சேர்க்காதீர்கள்.

எங்கே மாட்டுவது? விதிப்படி சாக்கெட் தரையிலிருந்து 80 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். நான் நெஞ்சளவுக்குக் குறைத்து மாட்டுவதில்லை. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஸ்டில்ட் பார்க்கிங்கில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று அங்கே இருப்பவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மேற்கு வெயில் நேராக விழும் சுவரைத் தவிருங்கள். கேபிள் நுழையும் ஓட்டையில் கிளாண்டு போட்டு இறுக்கி அடைக்கச் சொல்லுங்கள். திறந்து கிடந்தால் இரண்டே மாதத்தில் எறும்பு புற்று வைக்கும், அதைத் தின்னப் பல்லி வரும். கான்டாக்டரின் இரண்டு முனைக்கு நடுவே காய்ந்து கிடந்த பல்லியை இதுவரை மூன்று வீட்டில் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

ஈபி ஆபீஸ் பக்கம் ஒரு நடை போக வேண்டியிருக்கும். 7.2 கிலோவாட் என்பது பல வீடுகளின் மொத்த அனுமதிக்கப்பட்ட மின்பளுவைவிட அதிகம். கூடுதல் மின்பளுவுக்கு விண்ணப்பம் கொடுத்து, தேவைப்பட்டால் மும்முனைக்கு மாறிவிடுங்கள். அதைச் செய்யாமல் மாட்டினால் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும் மீட்டர் பெட்டி ஃப்யூஸும் நடு இரவில் காயும். மும்முனை வந்த பிறகு மோட்டார், ஏ.சி., கார் மூன்றையும் ஒரே ஃபேஸில் போட்டுவிடாமல் பிரிக்கச் சொல்லுங்கள். வீட்டு இணைப்பிலேயே கார் சார்ஜ் செய்யலாம், வீட்டுக் கட்டணமே பொருந்தும் என்று மத்திய மின்துறை 2022 ஜனவரி வழிகாட்டுதலில் தெளிவாகவே சொல்லிவிட்டது.

பில் கணக்கையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், பிறகு அதிர்ச்சி வேண்டாம். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்துக்கு முந்நூறு யூனிட்டுக்கு மேல் கூடும். இதுவரை 450 யூனிட் ஓடிய வீடு 760ஐத் தொடும். 2024 ஜூலைக் கட்டணப்படி 500க்கு மேல் யூனிட் 8 ரூபாய் 55 காசு, 600க்கு மேல் 9 ரூபாய் 65 காசு என்று இருந்தது. 500ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் கிடைத்துவந்த சலுகையும் போகும். அந்தக் கணக்கில் எல்லாம் சேர்த்து இரண்டு மாதத்துக்கு மூவாயிரம் ரூபாய் அளவில் கூடும், அதாவது கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். பெட்ரோலோடு ஒப்பிட்டால் கால் பங்குதான். 'யூனிட் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்' என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். மாடியில் சோலார் இருப்பவர்கள் பகலில் வீட்டில் கார் நிற்கும் நாட்களில் உச்சி வெயில் நேரத்தில் ஏற்றுங்கள், 3.3 கிலோவாட் சார்ஜரும் 3 கிலோவாட் சோலாரும் ஒன்றுக்கொன்று பொருத்தமான ஜோடி.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் பிரச்சினை பெரும்பாலும் வயரில் இல்லை, சங்கக் கூட்டத்தில் இருக்கிறது. பொது விளக்கு லைனிலிருந்து இழுக்கிறேன் என்று கேட்டுப் போகாதீர்கள், அங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது. உங்கள் ஃபிளாட் மீட்டரிலிருந்தே உங்கள் பார்க்கிங்வரை தனிக் கேபிள் போகும், அது எந்த வழியாகப் போகும், எங்கே எம்.சி.பி. இருக்கும் என்று ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள். 2024 பிப்ரவரியில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகளின்படி மின்வாகனத்துக்கென்றே தனி இணைப்பும் கேட்டு வாங்கலாம். சங்கப் பொறுப்பில் இருக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொருவராக வந்து ஆளுக்கொரு பக்கம் கேபிள் இழுப்பதற்கு முன், எல்லோருக்குமாக ஒரே கேபிள் டிரேயும் ஒரு நல்ல எர்த் ஸ்ட்ரிப்பும் போட்டுவையுங்கள். இன்று இரண்டு கார், நாலு வருடத்தில் இருபது ஆகும்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் நாள் ராத்திரி ஒரு வேலை இருக்கிறது. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் போய், பிளக்கின் உடம்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருக்கலாம், அது இயல்பு. கையை எடுக்கத் தோன்றுகிற சூடு இருந்தால் அந்தக் கணமே நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். எம்.சி.பி.யையும் அப்படியே தொட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மாட்டிய ஆளையே வரவழைத்து எல்லாத் திருகையும் ஒரு முறை இறுக்கச் சொல்லுங்கள். சூடேறி ஆறி, சூடேறி ஆறிச் செம்பு கொஞ்சம் அமுங்கிக்கொடுக்கும். இதற்கு நான் காசு வாங்குவதில்லை. ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய சின்னப் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழுந்தால் நல்லது, விழாவிட்டால் மாற்றுங்கள். சம்பள நாளன்று அழுத்துவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

கன்னைத் தரையில் போடாதீர்கள். மண் போனால் பின் சரியாகப் பிடிக்காது, பிடிக்காத இடத்தில் சூடு பிறக்கும். கேபிளைச் சுருட்டியபடியே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள், அவிழ்த்துவிடுங்கள். இடி மின்னல் கடுமையாக இருக்கும் இரவில் உருவி வைத்துவிடுங்கள், மறுநாள் போட்டுக்கொள்ளலாம். பேட்டரி எல்.எஃப்.பி. வகையானால் அவ்வப்போது நூறு சதவீதம் ஏற்றச் சொல்லிக் கம்பெனியே புத்தகத்தில் எழுதியிருக்கும். என்.எம்.சி. வகையானால் அன்றாடத்துக்கு எண்பதோடு நிறுத்தி, வெளியூர் போகும் நாளில் மட்டும் நூறாக்குங்கள். எது உங்களுடையது என்று வண்டி எடுக்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன். எர்த் குழி தோண்டுகிற அன்று வீட்டில் இருங்கள். ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டாலும் பரவாயில்லை. பைப் எத்தனை அடி இறங்குகிறது, கிளாம்ப் எப்படி இறுகுகிறது, வயர் எந்தப் பக்கம் போகிறது என்று கிட்ட நின்று பாருங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். மூடியின்மேல் டைல்ஸ் போடவிடாதீர்கள். சித்திரையில் தண்ணீர் ஊற்றப் போகிறவருக்கு அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு வயரிங் கான்ட்ராக்டர்